பதினொரு மொழிகளில் எமில்டா

ஞாயிற்றுக்கிழமைகளில் எமில்டாவுக்கு இரண்டு கோயில். ஒன்று ஊரறியப் போவது, மற்றது ஒளித்துப் போவது.

காலையில் வட லண்டன் எட்மண்டன் வீட்டிலிருந்து கணவன் எட்வேட்டின் காரில், மகள் றொசாந்தியையும் ஏற்றிக்கொண்டு, தமிழ்ப் பூசைக்குப் போவார்கள். எட்வேட் பஸ் ஓட்டுபவன். பங்கின் யாத்திரைக் குழுவுக்குச் செயலாளர். ஆடியில் வால்சிங்கம் மாதாவிடம் போக எத்தனை கோச் பிடிப்பது, எந்தக் குடும்பத்தை எந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருத்தக்கூடாது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பூசை முடிந்தும் அரை மணித்தியாலம் வாசலில் நின்று கதைத்துவிட்டுத்தான் வீடு. சாப்பாடு முடிந்ததும் எமில்டா பராமரிப்பு வேலைக்குப் போடும் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷிப்டுக்குப் போட்டு வாறன்" என்று புறப்படுவாள். இரண்டு பஸ் மாறி ஆர்ச்வேயில் இறங்குவாள். அங்கே அவள் பராமரிக்க வேண்டியவர் எவரும் இல்லை. ஒரு சமூக நிலையத்தின் பின்னறையில் பன்னிரண்டு கதிரைகளை வட்டமாகப் போடுவாள். கொஞ்ச நேரத்தில் மெனொனைற் சபைக்காரர் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள்.

நான்கு வருடமாக இப்படித்தான். ஆர்ச்வேயிலிருந்து மேடேறும் வழியில் முருகன் கோயில் இருப்பதால் ஞாயிறு பின்னேரங்களில் அந்தப் பக்கம் தமிழ் முகங்கள் தென்படும். யாரும் கண்டால் முருகனிடம் வந்ததாகச் சொல்லிவிடலாம், எட்வேட் அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான் என்று ஒருநாள் நினைத்தாள். சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த அறைக்கு அவள் முதலில் போனது நிலம் துடைக்க. அப்போது அந்த நிலையத்தில் ஞாயிறுகளில் துப்புரவு வேலையும் செய்துவந்தாள். கதவுக்குப் பின்னால் பாட்டுக் கேட்டது. ஓர்கன் இல்லை, கீபோர்ட் இல்லை, வெறும் தொண்டைகள். நாலு குரல் நாலு வழியில் போய், எங்கேயோ சந்தித்து, மறுபடி பிரிந்து போயின. நிலம் காயும்வரை அவள் அசையாமல் நின்றாள். கதவைத் திறந்தவள் அல்மாஸ், எத்தியோப்பியாவிலிருந்து வந்து இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்ப்பவள். ஒரு வார்த்தை பேசாமல் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். எமில்டா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பேசியவர் இயன் என்ற வெள்ளைக்காரர். பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்தவர். தங்கள் சபை எங்கே தொடங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்நூறு வருடத்துக்கு முன் சூரிச் நகரத்தில் சிலர், விவரம் தெரியாத வயதில் பெற்ற ஞானஸ்நானம் போதாது என்று, வளர்ந்தபின் தாங்களே விரும்பி மறுபடி பெற்றார்களாம். அதற்காகச் சிலரை ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்களாம். அந்த வழியில் வந்தவர்கள் ஆயுதம் தூக்க மறுத்தார்கள், இன்றும் மறுக்கிறார்கள் என்றார். மற்றதெல்லாம் எமில்டாவுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. அந்த ஒரு சொல் மட்டும் நெஞ்சில் தைத்துக்கொண்டது. மறுத்தார்கள். மறுப்பதற்கென்று உலகத்தில் ஒரு கூட்டம் இருந்திருக்கிறது, அது அவளுடைய ஊருக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அவள் மன்னார்ப் பக்கம் விடத்தல்தீவுக்காரி. இரண்டாயிரத்து ஏழில் வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று இயக்கம் சொன்னபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, தம்பி ஜெஸ்ரினுக்குப் பதினேழு. வந்தவர்கள் தம்பியைத்தான் கேட்டார்கள். அவள் தன்னுடைய இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்து, "அவன் படிக்கட்டும், நான் வாறன்" என்றாள். ஒன்றரை வருடம் கழித்து, சனங்கள் எல்லாம் ஓடி ஓடி ஒரு கடற்கரைத் துண்டுக்குள் நெருங்கிப்போன காலத்தில், ஜெஸ்ரினையும் கொண்டுபோனார்கள். பங்குனியில் அவன் இல்லை என்று செய்தி வந்தது. உடல் வரவில்லை. சித்திரையில் எமில்டாவின் தொடையில் ஷெல் துண்டு பாய்ந்தது. பிறகு இரண்டு வருடம் தடுப்பு முகாம். அதற்குப் பிறகு கலியாணம் பேசி, லண்டன்.

லண்டனில் ஒவ்வொரு கார்த்திகை இருபத்தேழிலும் மண்டபம் எடுத்து மாவீரருக்கு விளக்கேற்றுவார்கள். வரிசையாக வைத்த படங்களுக்குள் ஜெஸ்ரினுடைய படமும் இருக்கும். எட்வேட் அவனைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்தப் படத்தின் முன்னால், "என்ர மச்சான்" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்லும்போது அவன் குரல் கரகரக்கும். அதற்காகவே எமில்டாவுக்கு அவன்மேல் பெரிய அன்பு உண்டு.

ஆர்ச்வே அறையில் அவள் விருந்தாளிதான், உறுப்பினர் அல்ல. உறுப்பினராக வேண்டுமானால் ஞானஸ்நானம் பெற வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை இயன் கேட்பார், அவள் யோசிப்பதாகச் சொல்வாள். அவளையும் ஜெஸ்ரினையும் விடத்தல்தீவுக் கோயிலில் ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இன்னொருமுறை தண்ணீரில் இறங்கினால் அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர் என்று ஆகிவிடாதா? இறங்காவிட்டால் இந்த வட்டத்தில் என்றைக்கும் ஓரக் கதிரைதானா? அல்மாஸ் மட்டும் அதைப்பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கும் சொந்தக் கவலை இருந்தது. அவளுடைய நாட்டில் யுத்தம் தொடங்கியபோது, அந்த அறைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு எத்தியோப்பியக் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. இரண்டும் இரண்டு பக்கம். "உலகம் முழுவதும் நாங்கள் இருபது லட்சம் பேர், ஒரே குடும்பம் என்று சொல்கிறோம். ஒரே அறையில் இரண்டு வீட்டுக்காரரை என்னால் இருத்த முடியவில்லை" என்று ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவியபடி சொன்னாள்.

ஒரு இலையுதிர் கால ஞாயிறு, வட்டத்தில் ஒவ்வொருவரும் தாங்கள் மிகவும் பயந்த நேரத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. எமில்டாவின் முறை வந்தது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஐந்தாறு வசனத்தில் சொல்லி முடித்தாள். தம்பிக்குப் பதிலாகப் போனேன், துவக்குத் தூக்கினேன், சுட்டேன், காயப்பட்டேன், இப்போது இங்கே இருக்கிறேன். இயன் அழுதுவிட்டார்.

ஒவ்வொரு தை மாதமும் ஒரு ஞாயிறு உலகெங்குமுள்ள மெனொனைற் சபைகள் ஒன்றையொன்று நினைத்து வழிபடும். வரப்போவது ஐந்நூறாவது வருடம் வேறு. "எங்கள் சபையின் காணிக்கையாக உன் கதையை அனுப்பட்டுமா?" என்று இயன் கேட்டார். எமில்டா "ஓகே" என்றாள். ஆங்கிலத்தில் பெரியவர்களிடம் மரியாதையாக மறுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. ஜன்னலோரம் நிறுத்திப் படம் எடுத்தார். சுவரில் ஒட்டுவதற்காக்கும் என்று நினைத்தாள்.

இயன் அதைத் தன் சபையின் இணையப் பக்கத்தில் போட்டார். தலைப்பு, 'துவக்கைக் கீழே வைத்த பெண்'. ஒரு நாட்டில் மொழிபெயர்த்தார்கள், அதைப் பார்த்து இன்னொரு நாட்டில். மாசி பிறக்குமுன் கதை பதினொரு மொழிகளில் போய்விட்டது. ஸ்பானிஷ், பிரெஞ்சு, இந்தோனேசிய மொழி, சுவாஹிலி, அம்ஹாரிக், தெலுங்கு என்று இயன் விரல் மடித்து எண்ணினார். பராகுவேயிலிருந்தும் கொங்கோவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்த கடிதங்களை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கோ ஒரு ஊரில் நாற்பது பெண்கள் சேர்ந்து எமில்டாவின் பெயர் சொல்லிச் செபித்தார்களாம். பஸ்ஸில் வரும்போது அந்தக் கடிதங்களை மடியில் வைத்திருந்தாள். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அதை மறைக்க முடியாது.

பதினொரு மொழியில் தமிழ் இல்லை. ஆனால் தெலுங்கு இருந்தது.

அவள் வேலை செய்யும் பராமரிப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் கிரிஜா என்று ஒரு சென்னைப் பெண். தோர்ண்டன் ஹீத்திலிருந்து வருபவள், கணவன் தெலுங்குக்காரன். ஒரு வியாழக்கிழமை கிரிஜா போனை நீட்டினாள். "எமில்டா, இது நீங்கதானே? எங்க மாமியார் குரூப்ல வந்திருக்கு. இவ்ளோ பெரிய விஷயம், ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே! நான் தமிழ்ல எழுதி எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

எமில்டா போனை வாங்கிப் பார்த்தாள். "எல்லாருக்கும் எண்டா?"

"ஃப்ரெண்ட்ஸுக்குத்தான். ஏன், தப்பா?"

கிரிஜா நல்ல மனத்தோடுதான் செய்தாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அது பங்கின் வட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்துவிட்டது.

எட்வேட் குசினி மேசையில் போனை நிமிர்த்தி வைத்திருந்தான். எமில்டா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது நீர்தானே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஓம்."

"ஷிப்ட் எண்டு போனது இங்கையோ?"

"ஓம்."

"எத்தினை வருசம்?"

"நாலு."

"வேற ஆம்பிளையோட போனனீர் எண்டு ஆரும் சொல்லியிருந்தாக்கூட எனக்கு விளங்கியிருக்கும்" என்றான். பிறகு திரையைப் பார்த்து வாசித்தான். "'துவக்கு எடுத்தது பாவமெண்டு உணர்ந்து, அதைக் கீழை வைச்சிட்டு ஆண்டவரிட்டை வந்தா.' அப்ப ஜெஸ்ரின்? அவன் கீழை வைக்கேல்லையே. அவன் பாவியோ? கார்த்திகை இருபத்தேழுக்கு நான் அவன்ர படத்துக்கு முன்னால என்ன முகத்தோட நிக்கிறது?"

"நான் அப்பிடிச் சொல்லேல்ல."

"எழுதிக் கிடக்கு."

"அதை நான் எழுதேல்ல."

"படம் உம்மடைதானே?"

அரிசியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எட்வேட் எழும்பி வந்து குழாயை மூடிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மன்னாரிலிருந்து தங்கை பிறேமினி எடுத்தாள். "அக்கா, ரெண்டு பேர் மோட்டச்சைக்கிள்ல வந்தவை. ஆர் எண்டு சொல்லேல்ல, புலனாய்வுக்காரர் போலத்தான். இவரும் வீட்டில இல்லாத நேரம். 'அக்கா லண்டனில இப்ப பெரிய ஆளாமே' எண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டவை. திரும்ப வருவினமாம்." அவள் கதவைப் பூட்டும் சத்தம் போனில் கேட்டது. "என்னக்கா செய்தனீங்கள்?"

எமில்டா வேலை இடைவேளையில் இயனுக்குப் போன் பண்ணி, கதையை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னாள். அவர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். ஆனால் எடுக்க முடிந்தது தன்னுடைய பக்கத்திலிருந்து மட்டும்தான். அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு நாட்டுக்கும் எழுதினார். நாலு சபைகள் உடனே அகற்றின. மற்றவர்களில் சிலர் பதில் போடவில்லை. சிலர், இது எங்கள் மக்களுக்கு மிகுந்த ஆறுதலாக இருக்கிறதே என்று அன்பாக எழுதினார்கள். கொங்கோவில் ஒரு சபை அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தது. "நாங்கள் ஒரே உடல் என்றுதான் எப்போதும் சொல்வோம். கையிலிருந்து போனதைத் திருப்பி வாங்க முடியாது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று" என்றார் இயன். அவருக்கு ஒரே வாரத்தில் வயது போய்விட்டது போலிருந்தது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு பாதர் அவளைத் தனியே கூப்பிட்டார். மன்னாரில் வேலை செய்தவர், நல்ல மனிதர். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பிள்ளை, நான் ஒண்டுதான் கேக்கிறன். திரும்ப ஞானஸ்நானம் எடுத்தனீங்களோ?"

"இல்லை, பாதர்."

"எடுக்கிற எண்ணமோ?"

அவள் கைப்பையின் பட்டியை விரலில் சுற்றினாள்.

"எடுக்கேல்லையெண்டா நீங்கள் எங்கடை ஆள்தான். பாட்டுக் கேக்கப் போனதெல்லாம் ஒரு பாவமில்லை. றொசாந்தியின்ர உறுதிபூசுதல் பூசைக்கு முன்வாங்கில இருக்க வேணும் நீங்கள். எட்வேட்டோட நான் கதைக்கிறன்." தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "யாத்திரைக்கும் வாங்கோ. குழுச் செயலாளரின்ர மனுசி கோச்சில இல்லையெண்டா சனம் வாயை மூடாது."

அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் எழும்பிப் போயிருக்கலாம்.

அந்த ஞாயிறு பின்னேரம் அவள் நீலச் சட்டை போடவில்லை. "ஆர்ச்வேக்குப் போறன்" என்று சொல்லிவிட்டே வெளிக்கிட்டாள். எட்வேட் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வட்டத்தில் எல்லோரும் இருந்தார்கள். பாட்டுத் தொடங்குமுன் அவள் கையை உயர்த்தினாள்.

"கதை பிழை" என்றாள். "நான் துவக்கைக் கீழே வைக்கவில்லை."

இயன் தலை குனிந்துகொண்டார்.

"காயப்பட்டுத் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்தேன். துவக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆளுக்கொரு துவக்கு இல்லாத நேரம். ஒரு பிள்ளை ஓடிவந்து, 'அக்கா, இது உங்களுக்கு இனித் தேவையில்லைத்தானே?' என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை. நான் மறுக்கவும் இல்லை, மனம் திரும்பவும் இல்லை. என்னுடையதை இன்னொருத்தி தூக்கிக்கொண்டு போனாள். அதனால்தான் நான் இங்கே கதிரையில் இருக்கிறேன். இதற்கு எந்த மொழியில் என்ன தலைப்பு என்று எனக்குத் தெரியாது. என் தம்பியைப் பாவி என்று சொல்லவும் என்னால் ஏலாது. இப்படிப்பட்டவளுக்கு உங்கள் சபையில் இடம் உண்டா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அவ்வளவு நீளமாக அவள் ஆங்கிலத்தில் பேசியது அதுவே முதல் தடவை.

அல்மாஸ்தான் கேட்டாள். "அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?"

"இயக்கப் பெயர் கயல்விழி. வீட்டுப் பெயர் தெரியாது."

அன்றைக்கு இயன் பிரசங்கம் செய்யவில்லை. இரண்டு பாட்டுப் பாடினார்கள், போய்விட்டார்கள். அந்த வாரம் எமில்டா சொல்லச் சொல்ல அவர் ஒரு திருத்தம் எழுதினார். படமில்லை, பெயரில்லை. 'கதையில் நாங்கள் செய்த பிழை' என்று தலைப்பு. பதினொரு மொழியில் போன கதைக்குத் திருத்தம் இரண்டு மொழியில் போயிற்று, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். மற்றவர்களுக்குப் பழைய கதைதான் பிடித்திருந்தது போலும்.

வைகாசியில் சபையைத் தொடர்வதா மூடுவதா என்று வாக்கெடுத்தார்கள். உறுப்பினர் எட்டுப் பேர். நாலு பேருக்கு எழுபது தாண்டிவிட்டது. இயன் ஓய்வுக்கு டெவன் பக்கம் போகவிருந்தார். அவர்களுடைய ஒழுங்குப்படி உறுப்பினர் அல்லாதவர் வாக்கெடுப்பில் இருக்க முடியாது. ஆகவே எமில்டா பக்கத்துக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். அந்த அறையைத் திறப்பதும் பூட்டுவதும் அவள், கதிரை போடுவதும் அவள். மெல்லிய சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பெயர் வாசிப்பது கேட்டது. கழுவ இனிக் கோப்பை இல்லாதபோது கழுவினதையே மறுபடி கழுவினாள். அல்மாஸ் வந்து வாசலில் நின்றாள்.

"ஐந்துக்கு மூன்று. மூடுகிறோம்."

"நீ?"

"நான் மூன்றில் ஒருத்தி."

கடைசி வழிபாடு ஆடி மாதம். அதற்குமுன் இயன் எமில்டாவிடம் வந்து, வழக்கமில்லாத தயக்கத்தோடு, "நீ விரும்பினால் அன்றைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். இதற்குப் பிறகு லண்டனில் எங்களுக்கு ஒரு சபை இருக்காது. நான் வற்புறுத்தவில்லை" என்றார்.

அதே ஞாயிறுதான் வால்சிங்கம் யாத்திரை.

எட்வேட் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோச் பெயர்ப்பட்டியலை மேசையில் விரித்து வைத்திருந்தான். முதலாம் கோச்சில், மூன்றாவது வரிசையில், தன் பெயருக்கும் றொசாந்தியின் பெயருக்கும் நடுவில் ஒரு இடம் வெறுமையாக விட்டிருந்தான். எமில்டா மூன்று நாள் அந்தத் தாளைக் கடந்து கடந்து போனாள். நாலாம் நாள் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள்.

கோச் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது செபமாலை சொன்னார்கள். அவள் வாய் தவறாமல் சொல்லியது. பின்வாங்கில் இரண்டு பெண்கள் தன் பெயரைச் சொல்லிக் குசுகுசுப்பது கேட்டது, செபமாலை முடிந்து பாட்டுத் தொடங்கியபோது அவர்களே அவள் தோளைத் தொட்டு மிக்சர்ப் பையை நீட்டியதும் நடந்தது. ஜன்னல் திறக்க முடியாத கோச். பின்னேரம் மூன்று மணிக்கு, மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெயிலில் நடக்க, எட்வேட் ஒரு கையில் குடையும் மறுகையில் ஒலிபெருக்கியுமாக முன்னுக்கும் பின்னுக்கும் ஓடித் திரிந்தான். ஆர்ச்வேயில் இப்போது கடைசிப் பாட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கென்று இருந்த இரண்டாம் குரலை அங்கே யார் பாடுவார்கள்? அந்த நேரத்தில் எட்வேட் அவளருகே வந்து, ஒன்றும் பேசாமல், குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தபடி ஐந்து நிமிடம் கூடவே நடந்தான். பிறகு யாரோ கூப்பிட, ஓடிவிட்டான்.

அறை போய்விட்டது. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அல்மாஸின் தொடர்மாடி வீட்டில் நாலு பேர் கூடுகிறார்கள். தாழ்ந்த குரலுக்கு ஆள் இல்லை. எமில்டாவை எட்வேட் காரில் கொண்டுவந்து இறக்குகிறான். "போறதெண்டா சொல்லிப்போட்டுப் போம், பொய் சொல்லாதேயும்" என்றவன், பிறகு தானே கொண்டுவந்து விடுவதென்று முடிவெடுத்துவிட்டான். மேலே வருவதில்லை. ஒன்றரை மணித்தியாலம் காருக்குள் இருந்து போனில் கிரிக்கெட் பார்ப்பான். அவன் கீழே இருக்கிறான் என்பதால் அவளால் நிம்மதியாகப் பாடவும் முடிவதில்லை, அவன் கீழே இருக்காவிட்டால் அங்கே வரவும் முடியாது. எந்தச் சபையின் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. பங்குப் பட்டியலில் இருக்கிறது. அங்கே முன்வாங்கில் இருக்கும்போது மற்றவர்களுடைய பார்வை அவள் முதுகில் ஊரும். மன்னாருக்கு அந்த இருவர் பிறகு வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மோட்டச்சைக்கிள் சத்தத்துக்கும் பிறேமினி கதவைப் பூட்டுகிறாள். "சுகமாயிருக்கிறம் அக்கா" என்று சொல்லும் குரலில் அது தெரிகிறது.

புரட்டாதியில் இயன் டெவனிலிருந்து ஒரு மின்னஞ்சலை அனுப்பி வைத்தார். திருத்தத்துக்கு வந்த ஒரே பதில். கொலம்பியாவிலிருந்து ஒரு பெண் ஸ்பானிஷில் எழுதியிருந்தாள். றொசாந்தி பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் தொடங்கியிருந்தாள், தெரியாததற்குப் போன் இருந்தது. பள்ளி முடிந்து வந்தவள் சீருடை மாற்றாமலே குசினி மேசையில் உட்கார்ந்து வாசித்தாள். எட்வேட் கூடத்தில் சப்பாத்துக்கு மை பூசிப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான், பின்னேர ஷிப்ட்.

"அம்மா, ஷீ சேய்ஸ்... அவவையும் சின்ன வயசில பிடிச்சுக்கொண்டு போனவங்களாம். காட்டில. அவவின்ர துவக்கையும் வேற ஒரு கேர்ள் எடுத்துக்கொண்டு போனதாம்." றொசாந்தி விரலால் வரியைத் தேடினாள். "'உங்களுக்கு அவளின் முகம் நினைவிருக்கிறதா? எனக்கு என்னுடையவளின் முகம் மறந்துகொண்டு போகிறது. அதை யாரிடமும் சொல்லப் பயமாக இருக்கிறது. இங்கே என்னை எல்லோரும் சமாதானத்தின் சாட்சி என்று கூப்பிடுகிறார்கள்.'"

எமில்டா அடுப்பை நிறுத்தினாள்.

"அம்மா, உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

"வட் டிட் ஷீ லுக் லைக்?"

"முன்பல் ஒண்டு பாதி உடைஞ்சது. சிரிக்கேக்கை கையால மூடுவாள். என்னைக் கேக்கேக்கையும் மூடிக்கொண்டுதான் கேட்டவள்." எமில்டா மகளைப் பார்த்தாள். "உன்னைவிட அஞ்சு வயசு கூட இருக்கும். அவ்வளவுதான்."

றொசாந்தி போனிலிருந்து நிமிர்ந்தாள். "ஜெஸ்ரின் மாமாவின்ர வயசோ?"

"அதுக்கும் குறைவு."

கூடத்தில் சப்பாத்துத் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. எட்வேட் உள்ளே வரவில்லை, வெளியே போகவும் இல்லை.

"ரிப்ளை போடட்டோ, அம்மா? என்னெண்டு தொடங்க?"

எமில்டா யோசித்தாள். மெனொனைற் என்று தொடங்க அவளுக்கு உரிமை இல்லை. கத்தோலிக்கப் பெண் என்று தொடங்கினால், இவள் ஏன் மெனொனைற் சபை வழியாக வந்தாள் என்று கடிதம் எழுதியவளுக்கு விளங்காது. கதிரையை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்ல அந்தப் பல்லை எழுது" என்றாள்.